பாங்காக் சயாம் அருங்காட்சியகம்: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பாங்காக் போகப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் சொல்வது இந்த அருங்காட்சியகத்தைத்தான். மூன்று தடவை போயிருக்கிறேன், ஒரு தடவை அம்மாவையும் அக்கா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. சொன்னதும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதிவிட்டேன். ஒரு சின்ன விஷயம்: "தாய்" என்று படித்தால் நமக்கு அம்மா ஞாபகம்தான் வரும். இந்தப் பக்கத்தில் அது தாய்லாந்து மக்களையும் அவர்கள் மொழியையும் குறிக்கிறது.

இது என்ன அருங்காட்சியகம்? பாங்காக்கில் ஏற்கெனவே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. தேசிய அருங்காட்சியகம் 1874-இல் ஐந்தாம் ராமா என்கிற சுலாலங்கோர்ன் மன்னர் அரண்மனைக்குள் ஆரம்பித்தது, பின்னால் இளவரசர் மாளிகையாக இருந்த பழைய முன் அரண்மனைக்கு மாறியது. சிலை, கல்வெட்டு, தேர், பானை என்று அசல் பொருட்கள் அங்கேதான் இருக்கின்றன.

சயாம் அருங்காட்சியகம் 2008-இல் திறந்தது. இங்கே பழம்பொருட்களை வரிசையாக அடுக்கி வைக்கவில்லை. "தாய் என்றால் யார்? எதை வைத்து ஒன்றைத் தாய் என்று சொல்கிறோம்?" என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, அறை அறையாக அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். 2017 கடைசியில் கொண்டுவந்த நிரந்தரக் கண்காட்சிக்குத் தாய் மொழியில் "தோட் ரஹத் தாய்" என்று பெயர், தாய்த்தன்மையின் மறைபொருளை அவிழ்த்துப் பார்ப்பது என்று சொல்லலாம். அந்த "ரஹத்" நம் "ரகசியம்" கிளம்பிய அதே சமஸ்கிருத வேரிலிருந்து போனது. இப்படி வாசலிலேயே ஒரு தெரிந்த முகம் தட்டுப்படுவது தாய்லாந்தில் நமக்கு அடிக்கடி நடக்கும்.

நாட்டின் பெயர் தாய்லாந்து. அருங்காட்சியகத்துக்கு மட்டும் ஏன் சயாம்?

1939 ஜூன் 24 வரை நாட்டின் பெயரே சயாம்தான். அன்றைய பிரதமர் பிபுன்சொங்க்ராம் அரசு ஒரு ஆணை போட்டுத் தாய்லாந்து என்று மாற்றியது. போர் முடிந்து 1945-இல் மறுபடி சயாம், 1949-இல் மறுபடி தாய்லாந்து. பத்து வருஷத்துக்குள் மூன்று பெயர் மாற்றம். சயாம் என்பது அந்த மண்ணில் இருந்த எல்லோருக்கும் பொதுவான பெயர், தாய்லாந்து என்பது ஒரு இனத்தின் பெயர் என்ற வாதம் அன்றே இருந்தது, இன்றும் தீரவில்லை. "தாய் என்றால் யார்" என்று கேட்கிற இடத்துக்குப் பழைய பெயரை வைத்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

நம் ஆட்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியாகத் தெரியும். மலாயா தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் கடைசி வரை "சயாம்" என்றுதான் சொன்னார்கள், மரண ரயிலும் அவர்கள் வாயில் சயாம் மரண ரயில்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எப்படிப் போவது?

மெட்ரோ நீல வழித்தடத்தில் சனாம் சாய் நிலையத்தில் இறங்குங்கள். முதல் வாசல் வழியாக மேலே வந்தால் அருங்காட்சியகம் அங்கேயே நிற்கும். இந்த நிலையம் 2019-இல் திறந்தது. கொலு மண்டபம் போலத் தூண்களும் பொன் வேலைப்பாடும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், அதனால் இறங்கியவுடன் ஓடாமல் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். தோண்டும்போது கிடைத்த பழைய சுவர், பானைத் துண்டு பற்றிய விவரங்களும் அங்கேயே இருக்கின்றன.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நேராக வந்தால், விமான நிலைய ரயிலில் மக்காசான், அங்கிருந்து நடந்து பெட்சபுரி மெட்ரோ, அப்புறம் நீல வழித்தடம். ஆற்று வழியாக வருபவர்கள் தா தியென் படகுத்துறையில் இறங்கி நடக்கலாம், வாட் போ கோயிலை ஒட்டிய தெருதான்.

அந்தப் பகுதியில் யாராவது உங்களை நிறுத்தி "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, நான் வேறு இடம் காட்டுகிறேன்" என்றால் நம்பாதீர்கள். என்னையும் நிறுத்தினார்கள், அம்மா கிட்டத்தட்ட வண்டியில் ஏறிவிட்டார். வாசல் வரை போய் நீங்களே பாருங்கள்.

எப்போது திறந்திருக்கும்? எவ்வளவு நேரம் வேண்டும்?

திங்கள் விடுமுறை. மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை. நுழைவுக் கட்டணம் அவ்வப்போது மாறும், சிறப்புக் கண்காட்சிக்காகச் சில அறைகளை மூடுவதும் உண்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்கள் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் போதும். படிக்கிற பழக்கம் உள்ளவர் என்றால் மூன்று.

உள்ளே என்னதான் பார்க்கப் போகிறோம்?

முதலில் கட்டடத்தையே பாருங்கள். மாரியோ தமாக்னோ என்கிற இத்தாலியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1922-இல் முடிந்தது, பல காலம் வணிக அமைச்சகம் இதில் இயங்கியது. மஞ்சள் பூச்சு, உயரமான சன்னல்கள், மரப் படிக்கட்டு. தாய் அடையாளத்தைப் பேசும் அருங்காட்சியகம் ஒரு இத்தாலியர் வரைந்த வீட்டுக்குள் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டே உள்ளே போனால் மற்றதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

முதல் அறைகளில் ஒன்றில், "இது தாயா, இல்லையா?" என்று கேட்டு சில உருவங்களை நிறுத்தியிருக்கிறார்கள். கைகூப்பி நிற்கும் ரொனால்ட் மெக்டொனால்ட் பொம்மை (தாய்லாந்துக் கடைகளின் வாசலில் நிஜமாகவே இப்படித்தான் நிற்கும்). 2012-இல் பாங்காக் மேடையில் "சடா" என்ற நடனக் கிரீடத்தை வைத்துக்கொண்ட லேடி காகா. அப்போது அது நாட்டில் பெரிய சண்டையானது, புனிதமான கிரீடத்தை அவமதித்தார் என்று ஒரு பக்கம், நம் கலையை உலகத்துக்குக் காட்டினார் என்று இன்னொரு பக்கம். அந்த அறையில் தீர்ப்பு எதுவும் எழுதியில்லை. நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

அப்புறம் ஒரு இருட்டறை, நடுவே மேசை போல ஒன்று, பெட்டிகள் மேலே எழும்பி வர, ஒளியில் வரலாறு ஓடும். சுகோத்தாய் அரசு, 1351 முதல் 1767 வரை அயுத்தயா அரசு, பர்மியர் அதை எரித்தது, தக்சின் மன்னர் தொன்புரியில் எழுப்பிய சிறு அரசு, 1782-இல் பாங்காக். பள்ளிப் பாடப்புத்தகத்தில் சொல்லும் வரிசை அதுதான், ஆனால் இப்படிப் பார்க்கும்போது அந்த வரிசையே ஒருவர் உட்கார்ந்து கோத்ததுதான் என்ற எண்ணம் நமக்குத் தானாக வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தவை சாதாரணப் பொருட்கள் இருக்கும் அறைகள். தாயத்து, அதிர்ஷ்டச் சீட்டு, வீட்டு வாசலில் வைக்கும் ஆவி வீடு, கடைக்கு ஆள் கூப்பிடும் நாங் குவாக் பெண் தெய்வம் என்று நம்பிக்கைகளுக்கு ஒரு அறை. வெவ்வேறு காலத்துப் பாடங்களோடு ஒரு வகுப்பறை. சாப்பாட்டுக்கு ஒன்று. கடைசியில் உடைகளைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஒரு இடம். எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டால் போகிறவர்களுக்குச் சுவாரசியம் போய்விடும்.

அருங்காட்சியகத்தின் சின்னத்தையும் கவனியுங்கள், சிவப்பு நிறத்தில் கைகால் விரித்த தவளை மனிதன். பழைய பாறை ஓவியங்களில் வருகிற உருவம் இது, தவளை என்றால் மழை. மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாய்த்தன்மை என்று ஒன்றை யாராவது "உருவாக்க" முடியுமா? அது காலகாலமாக இருப்பதுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய நேரம் பதில் சொல்வேன். நான் புரிந்துகொண்டது இது: அந்த நாட்டின் அடையாளம் என்று நாம் நினைக்கும் பலவற்றுக்கும் பிறந்த தேதி இருக்கிறது, செய்தவர் பெயரும் இருக்கிறது.

கொடியை எடுத்துக்கொள்வோம். சிவப்புப் பின்னணியில் வெள்ளை யானைதான் பழைய கொடி. ஆறாம் ராமா வஜிராவுத் மன்னர் ஒரு ஊருக்குப் போனபோது யாரோ யானையைத் தலைகீழாகக் கட்டியிருந்ததைப் பார்த்து, எப்படிக் கட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும் கொடி வேண்டும் என்று நினைத்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, இப்போதைய மூவண்ணக் கொடி 1917 செப்டம்பர் 28 அன்று வந்தது. "நாடு, மதம், மன்னர்" என்ற மூன்றையும் ஒரே முழக்கமாக்கிப் பரப்பியதும் அவர் காலத்தில்தான். அந்த மூன்று சொற்களைத் தாய் மொழியில் கேளுங்கள்: சாத், சாசனா, மஹாகசத். முதலாவது நம் "ஜாதி", இரண்டாவது "சாசனம்", மூன்றாவதில் ஒளிந்திருப்பது "க்ஷத்திரியர்". நம்மிடம் ஆட்களைப் பிரிக்கப் பயன்படும் சொல் அங்கே போய் மொத்த நாட்டையும் குறிக்கிற சொல்லாகிவிட்டது. முதல் தடவை இதைத் தெரிந்துகொண்டபோது நான் அப்படியே நின்றுவிட்டேன்.

குடும்பப் பெயர்கூட 1913 சட்டத்தில் வந்ததுதான், அதற்கு முன் பெரும்பாலான மக்களுக்கு அது கிடையாது. ஒரு குடும்பத்தின் பெயரை இன்னொரு குடும்பம் வைக்கக்கூடாது என்ற விதி இருப்பதால், பின்னால் தாய்ப் பெயர் எடுத்துக்கொண்ட சீன வம்சாவளிக் குடும்பங்களின் பெயர்கள் நீள நீளமாக இருக்கின்றன.

அடுத்து பெரிய திருப்பம். 1932 ஜூன் 24 அன்று முழு முடியாட்சி முடிந்தது. அதிகாரிகளும் ராணுவத்தினருமாகச் சேர்ந்த ஒரு குழு ஆட்சியைக் கைப்பற்றி அரசியல் சாசனம் கொண்டுவந்தது. அந்தக் குழுவில் இருந்த பிபுன்சொங்க்ராம் பிரதமரான பிறகு 1939 முதல் 1942 வரை பன்னிரண்டு கலாச்சார ஆணைகள் போட்டார், "ரத்தனியோம்" என்று பெயர். முதல் ஆணை நாட்டின் பெயர். மூன்றாவது, தெற்கத்தித் தாய், வடகிழக்குத் தாய், முஸ்லிம் தாய் என்றெல்லாம் பிரித்துச் சொல்லக்கூடாது, எல்லோரும் வெறும் தாய்தான் என்றது. இன்னொன்று கொடிக்கும் தேசிய கீதத்துக்கும் மரியாதை. இன்னொன்று உடை. ஒரு நாளில் எவ்வளவு நேரம் தூங்குவது என்பதுகூட ஒரு ஆணையில் வந்தது. வெளியே போகும்போது தொப்பி போடச் சொன்னார்கள், வெற்றிலை போடாதே என்றார்கள். வெற்றிலைச் செல்லத்தோடு வாழ்ந்த கிழவிகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாம் உலகம் முழுக்கச் சாப்பிடும் பத் தாய் நூடுல்ஸ் அந்தக் காலத்து அரசாங்கம் பரப்பி வளர்த்த உணவு. அங்கே இறங்கியவுடன் காதில் விழும் "சவத்தீ" என்ற வணக்கமும் 1930-களில் ஒரு மொழிப் பேராசிரியர் சமஸ்கிருத "ஸ்வஸ்தி"யிலிருந்து ஆக்கியது, 1943-இல் அரசு அதை அதிகாரபூர்வ வணக்கமாக்கியது. நம் சோழர் கல்வெட்டுகள் "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்றுதானே ஆரம்பிக்கும்? அதே சொல்.

தேசிய கீதத்துக்கு இசை போட்டவர் பிரா செந்துரியாங். அவர் அப்பா ஜெர்மன் வம்சாவளி அமெரிக்கர். ஜனநாயக நினைவுச் சின்னம் 1940-இல் எழுந்தது, அதன் சிற்ப வேலைக்குத் தலைமை தாங்கியவர் இத்தாலியரான கொராதோ ஃபெரோச்சி. பெண்கள் விசேஷங்களுக்கு அணியும் எட்டு வகை "சுத் தாய்" உடைகள் 1960-இல் அரசி சிரிகித் வெளிநாட்டுப் பயணத்துக்குப் போவதையொட்டி முறைப்படுத்தப்பட்டவை. அதே 1960-இல்தான், அதுவரை ஜூன் 24-ஆக இருந்த தேசிய தினம் அன்றைய மன்னரின் பிறந்த நாளான டிசம்பர் 5-க்கு மாறியது.

அதனால் அது போலி என்று நான் சொல்லவில்லை. எண்பது வருஷம் ஒரு வணக்கத்தை மனதாரச் சொல்லிவந்தால் அது அவர்களுடையதுதான். ஆனால் எப்போது, எதற்காக ஆரம்பித்தது என்று தெரிந்துகொண்டு சொல்வது வேறு. ஒரு அரசுச் சார்பு நிறுவனமே தன் மக்களிடம் இதைத் திறந்து பேசுவது பெரிய விஷயம். அங்கே பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளைகள் லேடி காகா முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, நம் பக்கத்தில் "தமிழர் என்றால் யார்" என்று இப்படி ஒரு இடம் இருக்கக்கூடாதா என்று ஏக்கமாக இருந்தது.

தாய் மொழி தெரியாது. புரியுமா?

எல்லா அறையிலும் ஆங்கிலம் இருக்கிறது. பெரியவர்களைக் கூட்டிப்போனால் நீங்கள் கூடவே நின்று சொல்லிக்கொண்டு வாருங்கள். தனியாக விட்டால் அவர்களுக்கு வெறும் வெளிச்சமும் பெட்டியுமாகத் தெரியும்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

கண்டிப்பாக. தொடாதே, ஓடாதே என்று சொல்லும் இடம் இல்லை. இழுக்க, திறக்க, நகர்த்த நிறைய இருக்கிறது. என் அக்கா மகள் ஏழு வயதில் வந்து, உடை போடும் அறையிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்றாள். அங்கே "சோங் கபேன்" என்ற கீழாடை இருக்கும், கால்களுக்கு நடுவே கொண்டுபோய்ப் பின்னால் செருகுவது. பார்த்ததும் அம்மா "இது நம்ம பஞ்சகச்சம்தானே" என்றார். படம் எடுக்கலாம், ப்ளாஷ் மட்டும் போடாதீர்கள்.

இதில் நமக்கும் அவர்களுக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் தமிழ் என்று சொல்கிறீர்களா?

நியாயமான கேள்வி. இந்த விஷயத்தில் சமூக ஊடகங்களில் சுற்றுவது பாதிக்கு மேல் கற்பனை. மேலே சொன்ன சொற்கள் பலவும் சமஸ்கிருதமும் பாலியும் வழியாகப் போனவை, அதைத் தமிழ் என்று சொல்வது தப்பு. ஆனால் உறுதியான சான்றுகள் இருக்கின்றன, அவையே போதும்.

தெற்குத் தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லூக் பத் என்ற இடத்தில் தங்கம் உரசிப் பார்க்கும் ஒரு உரைகல் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று இருக்கிறது, கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. பெரும்பதன் என்கிற பொற்கொல்லரின் கல். ஒரு ஆசாரி கடல் தாண்டிப் போய்த் தொழில் செய்திருக்கிறார், தன் கல்லில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். ராஜாக்களின் மெய்க்கீர்த்தி எல்லாவற்றையும் விட எனக்கு இந்தக் கல்தான் நெருக்கம்.

தெற்கிலேயே தக்குவாபா என்ற ஊரில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. "அவனிநாரணம்" என்ற குளத்தைப் பற்றிப் பேசுகிறது, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதாகச் சொல்கிறது. ராஜேந்திர சோழன் 1025-இல் கடல் கடந்து படையெடுத்ததைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் வரும் மாதமாலிங்கம் இன்றைய நக்கோன் சி தம்மராட் பகுதி என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

அப்புறம் எழுத்து. தாய் எழுத்து கம்போடியாவின் கெமெர் எழுத்திலிருந்து வந்தது, கெமெர் எழுத்தின் மூலம் பல்லவர் எழுத்து. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய கோடுகள் சுற்றிச் சுற்றி பாங்காக் கடைப் பலகைகளில் நிற்கின்றன.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் சாம் யோத் மெட்ரோவில் இறங்கிப் பெரிய ஊஞ்சலுக்கு நடங்கள். சிவப்பு நிறத்தில் வானுயர நிற்கும், 1784-இல் முதலில் அமைத்தது. பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற பிராமணக் கோயில். மார்கழியை ஒட்டி அங்கே நடக்கும் சடங்கின் பெயர் "திரியம்பவாய் திரிபவாய்". வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! ஓதுபவர்களுக்குப் பொருள் மறந்துபோய்விட்டது, உச்சரிப்பும் மாறிவிட்டது, ஆனாலும் நம் பாட்டு அந்த ஊரில் இன்னும் ஒலிக்கிறது. ஊஞ்சல் ஆடுவது 1935-இல் நின்றுபோனது, பூஜை நிற்கவில்லை.

சயாம் அருங்காட்சியகத்தில் இதையெல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது தாய் மக்கள் தங்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வி, நம் பங்கைத் தேடும் இடம் அது கிடையாது.

மன்னரைப் பற்றிப் பேசினால் பிரச்சினை வருமா?

வரும். மன்னர் குடும்பத்தை அவமதித்ததாக வழக்கு வந்தால் குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருஷம் வரை சிறை. வெளிநாட்டவருக்கும் அதே சட்டம்தான். நம் ரூபாய் நோட்டில் காந்தி போல அவர்கள் பாட் நோட்டில் மன்னர் படம் இருக்கும், கீழே விழுந்தால் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. கேட்க நினைப்பதை ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம்.

அங்கே சொல்லாமல் விட்டது என்ன?

எந்த நாட்டு அருங்காட்சியகத்திலும் இதைக் கேட்கவேண்டும். தெற்கே பட்டானியின் மலாய் முஸ்லிம்கள், 1909-இல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டவர்கள், அவர்களுக்கு "எல்லோரும் தாய்தான்" என்ற வாக்கியம் வேறு மாதிரி கேட்கும். வடகிழக்கே ஈசான் பகுதியில் வீட்டில் பேசுவது லாவோ, பள்ளியில் படித்தது பாங்காக் மொழி. இவற்றை அருங்காட்சியகம் தொட்டுக்கொண்டு போகிறது, ஆழமாக இறங்கவில்லை என்பது என் கருத்து.

நம் மனதில் இருக்கும் சயாமும் அங்கே இல்லை. 1942, 43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பர்மா ரயில் பாதையில், அதுதான் மேலே சொன்ன மரண ரயில், மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். காலரா, பட்டினி, அடி. போர்க் கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, நம்மவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயரே எங்கும் எழுதப்படவில்லை. பாங்காக்கிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத் தூரம்தான். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தயவுசெய்து போய்வாருங்கள். கையில் ஒரு முழம் பூவாவது கொண்டுபோங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

நடந்துபோகும் தூரத்தில் பஹுராட் இருக்கிறது, இந்தியர் பகுதி, குருத்வாராவைச் சுற்றிச் சைவ உணவகங்கள். தாய்க் கடைகளில் "ஜே" என்று மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தால் இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை, பூண்டு வெங்காயம்கூட இல்லை. வெறுமனே "வெஜிடேரியன்" என்று சொன்னால் மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள், "ஜே" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்.

தேசிய அருங்காட்சியகத்தையும் பார்க்கணுமா? எதை முதலில்?

சயாம் முதலில், முடிந்தால் பயணத்தின் முதல் நாளிலேயே. பெரும்பாலும் அரண்மனை, கோயில், கடைவீதி எல்லாம் முடித்து, மிச்ச நேரம் இருந்தால் இங்கே வருகிறார்கள். நான் அப்படித்தான் முதல் தடவை போனேன், வெளியே வந்தபோது மூன்று நாள் பார்த்ததையெல்லாம் திரும்பப் பார்க்க ஆசையாக இருந்தது, விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த நாள் தேசிய அருங்காட்சியகம். திங்கள், செவ்வாய் விடுமுறை, மாலை 4 மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். ராம்காம்ஹேங் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1292-ஐச் சேர்ந்தது, தாய் எழுத்தின் முதல் சான்று என்று ஒவ்வொரு பிள்ளையும் படிக்கும் கல். "நீரில் மீன், வயலில் நெல்" என்ற அதன் வரி அவர்களுக்கு நம் "யாதும் ஊரே" மாதிரி. 1833-இல் பின்னாளைய மன்னர் மோங்குட் கண்டெடுத்தது. அது நிஜமாகவே 13-ஆம் நூற்றாண்டுக் கல்தானா, 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதா என்று 1980-களின் கடைசியில் பெரிய விவாதம் நடந்தது, யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சயாம் அருங்காட்சியகம் பார்த்த பிறகு இந்தக் கல் முன்னால் நிற்கும்போதுதான் அந்த விவாதம் ஏன் அவ்வளவு சூடாக இருந்தது என்று புரியும். தெற்கே சாய்யா என்ற ஊரில் கிடைத்த போதிசத்துவர் வெண்கலத்தையும் தவறவிடாதீர்கள், உடல் பாதிதான் இருக்கிறது, ஆனால் முகம்!

அப்புறம் அரண்மனை. அதற்குள் இருக்கும் வாட் பிரா கியோ கோயிலின் பிராகாரச் சுவரில் ராமாயணம் 178 ஓவியப் பகுதிகளாகச் சுற்றி வரும். ராவணனுக்கு அங்கே தோசகன் என்று பெயர், தசகண்டன் என்பதன் தாய் வடிவம். அங்கே தோள், முழங்கால் மூடிய உடை கட்டாயம்.

எந்த நேரத்துக்குப் போவது நல்லது?

மூன்றரை மணிக்கு உள்ளே போங்கள். வெயில் குறையாத நேரம், உள்ளே குளிர்ச்சி. மூடும் வரை இருந்துவிட்டு ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே வாருங்கள்.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நாடு முழுக்கப் பூங்காக்களிலும் ரயில் நிலையங்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். நாங்கள் சனாம் சாய் நிலையத்துக்குள் இறங்கிய நேரத்தில் ஆரம்பித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், கைபேசியைப் பார்த்தவர்கள், துப்புரவுப் பெண், எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள். நாங்களும் நின்றோம். ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான், முடிந்தவுடன் யாரோ பொத்தானை அழுத்தியது போல எல்லோரும் நடக்க ஆரம்பித்தார்கள். அம்மா என் காதில் கேட்டார், "இந்தப் பாட்டுக்குத்தானே அமெரிக்கர் மகன் மெட்டுப் போட்டான்?"

அங்கிருந்து பாக் க்ளோங் தலாட் பூச்சந்தை பத்து நிமிஷ நடை. மல்லிகை மொட்டுகளைக் கோத்து நுனியில் ரோஜா தொங்கவிட்ட மாலைகள் மலைபோலக் கிடக்கும். அதற்குத் தாய் மொழியில் பெயர் "புவாங் மாலாய்". மாலை என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண்.